சாடியின் கழுத்தில் கயிறு

என் வீட்டுக்காரர் தங்கபாண்டி குடித்திருக்கிறாரா என்று கண்டுபிடிக்கப் போலீஸ் நாய் வேண்டாம், என் மூக்கே போதும். போடிமெட்டுக்குத் தோட்டத்து ஆட்களை ஜீப்பில் ஏற்றிப் போகிறவர். முன்பெல்லாம் சாயங்காலம் தெருமுனையிலேயே வாடை வந்துவிடும். போன ஆடியில் அம்மன் கோயிலில், ஒரு வருஷம் தொட மாட்டேன் என்று கையில் பல சுற்றாகக் கயிறு கட்டிக்கொண்டார். அதை அறுத்தால் மகளைக் கூட்டிக்கொண்டு சிலமலைக்கு, என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

குடி நின்றதும் சோறு கூடியது. கொண்டை ஊசி வளைவுகளில் தொப்பை ஸ்டியரிங்கில் இடிக்க, ஜீப்பில் வந்த பொம்பளைகள் சிரித்தார்களாம். டாக்டரும் எடையைக் குறைக்கச் சொன்னார். உணவு அறிவியல் படிக்கும் என் அண்ணன் மகள் கார்த்திகாதான் வழி சொன்னாள். திராட்சையைப் புளிக்க வைத்து வினிகராக்கி, சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கரண்டியைத் தண்ணீரில் கலந்து குடித்தால் தொப்பை கொஞ்சம் குறையலாம், சோற்றையும் குறைக்க வேண்டும் என்றாள். சோற்றைப் பற்றிச் சொன்னது மட்டும் இவர் காதில் விழவில்லை.

ஊறுகாய்ச் சாடி நிறையத் திராட்சையைப் பிசைந்து போட்டு, வாயைத் துணியால் மூடி, ஏலக்காய் மூட்டை கிடக்கும் இருட்டறையில் வைத்தார். ஒரு வாரத்தில் அந்த அறைக்குள் கால் வைத்தேன். அதே வாடை. கார்த்திகாவுக்குப் போன் போட்டேன்.

"மொதல்ல சாராயமாத்தான் ஆகும் அத்தை. அப்புறந்தான் புளிக்கும். பயப்படாதீக."

முதல் பாதிதான் என் மண்டையில் ஏறியது. மனுஷன் வீட்டுக்குள்ளேயே கடை போட்டுவிட்டார். அவர் அந்த அறைக்குப் போனால் நானும் விளக்குமாற்றோடு பின்னாலேயே போனேன். பேசுகிற சாக்கில் கிட்டே போய் மோந்து பார்த்தேன். வாயில் ஏலக்காய் மென்றுகொண்டிருந்தார். எதை மறைக்க மெல்லுகிறார்? ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே போனது. எனக்குத் தூக்கமே இல்லை.

மலைக் குளிருக்கு எப்போதும் முழுக்கைச் சட்டை போடுகிறவர், ஒரு நாள் காலையில் கையை மடித்துவிட்டு இட்லி சாப்பிட்டார். மணிக்கட்டில் கயிறு இல்லை. எங்கே என்று கேட்டேன். பத்திரமாக இருக்கிறது, சோலியைப் பார் என்று சொல்லிவிட்டு ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அழுதுகொண்டே மகளின் துணிகளைப் பையில் அடைத்தேன். கிளம்பும் முன், எவ்வளவு காலி செய்திருக்கிறார் என்று என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. இருட்டில் தடவி, சாடியின் துணியைச் சுற்றியிருந்த கயிற்றைக் கத்தரியால் வெட்டித் துணியை எடுத்தேன். விரலை விட்டால், சாறு கழுத்துவரை அப்படியே இருந்தது. நனைந்த விரலை நாக்கில் வைத்தேன். பல் கூசும் புளிப்பு. சாராயம் இல்லை, யாரும் தொடவும் இல்லை. நிம்மதியோடு வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் கையில் இருந்ததைப் பார்த்தேன். சிவப்பும் மஞ்சளும் முறுக்கிய கோயில் கயிறு.

சாயங்காலம் வந்தவர் வாசலில் இருந்த பையைப் பார்த்தார். என் கையில் இருந்த அறுந்த கயிற்றையும் பார்த்தார்.

"அது பொங்கி வந்தப்ப வாடை என்னைய இழுத்துச்சு, மகாராணி. ஏலக்காய மென்னு பாத்தேன், அடங்கல. கயிறு கையில கெடந்தாலும் கை கேக்காதுன்னு தோணுச்சு. அதான் சாடியில கட்டினேன். ஆத்தாளத் தாண்டித் தொறக்க எனக்குத் தைரியம் வராது."

அறுத்தால் போய்விடுவேன் என்று மிரட்டியவள் நான். அறுத்தவளும் நான்தான். அவர் கையை நீட்டினார்.

"நீயே கட்டு."

வெட்டிய இரண்டு நுனிகளையும் சேர்த்து முடிந்து கட்டினேன். இப்போதும் சாயங்காலம் அவர் வந்ததும் மோந்துதான் பார்க்கிறேன், பழக்கம் விடவில்லை. கிட்டே போகும்போது நான் போட்ட அந்த முடிச்சு கண்ணில் படுகிறது.