தலைவரின் கறுப்பினச் சகோதரர்

வாசகர் வட்டத் தலைவர் இராசரத்தினம் சவரம் செய்துகொண்டே, கண்ணாடிக்கு முன்னால் ‘கறுப்பினச் சகோதரர்’ என்று இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். வீட்டில் அவர் பாவிப்பது வேறு சொல். மேடையில் நாக்குப் பிறழ்ந்துவிடக் கூடாதல்லவா. பின்னேரம் மோர்னிங்சைட் மண்டபத்தில் அவர் பேசப்போகும் நாவல் ஒரு சீர்திருத்தப் பள்ளியைப் பற்றியது. மேற்பார்வையாளன் கறுப்புப் பெடியன்களைக் கொதிகலன் அறையில் பூட்டி அடிப்பான். சமையல்காரனுக்கு அலறல் கேட்கும். ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிட்டு வெங்காயம் வெட்டுவான். இராசரத்தினத்துக்கு அந்தச் சமையல்காரன்மேல்தான் அடங்காத கோபம். பேச்சில் பாதி அவனுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது.

“அப்பா, றோயை இண்டைக்குப் பள்ளிக்கூடத்தால எக்ஸ்பெல் பண்ணப் போகினம்.” மகள் சாம்பவி வாசலில் நின்றாள்.

“ஆர் றோய்?”

“தெரியாத மாதிரிக் கேக்காதேங்கோ. என்ர கிளாஸ் பெடியன். நீங்கள்தானே கண்டு வந்து சொன்னனீங்கள்.”

கண்டதுதான். செவ்வாய்க்கிழமை மகளை ஏற்றப்போய்க் காருக்குள் இருந்தபோது, பள்ளிக்கூடக் காவலாளி அந்தக் கறுப்புப் பெடியனைச் சுவரோடு தள்ளிக் கழுத்தைப் பிடித்தான். பெடியன் கையைத் தட்டிவிட்டான், அவ்வளவுதான். பெடியன்தான் முதலில் அடித்தான் என்கிறான் காவலாளி. இராசரத்தினம் அன்றிரவு சோற்றைப் பிசைந்தபடி முழுவதையும் ரசித்து விபரித்திருந்தார். இப்போது அது வினையாகிவிட்டது.

“வைஸ் பிரின்சிபலிட்ட ஒருக்காச் சொல்லுங்கோ. வேற ஒருத்தரும் காணேல்ல.”

“எங்களுக்கேன் பிள்ளை உந்தச் சோலி? நாளைக்கு யூனிவர்சிற்றிக்கு உனக்கு ரெஃபரன்ஸ் தாறதும் அவையள்தான். காப்பிலியளின்ர பிரச்சினையை அவங்களே பாக்கட்டும்.”

சாம்பவி தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று அவர் மற்றக் கன்னத்துக்கு நுரை பூசினார்.

மண்டபத்தில் வழக்கமான ஆட்கள் வழக்கமான கதிரைகளில் இருந்தார்கள். பொன்னாடையை இராசரத்தினமே வாங்கிவந்து பொருளாளர் யேசுரட்ணத்திடம் இரகசியமாகக் கொடுத்திருந்தார். போர்க்கப்படுகிறவரே வாங்கிக் கொடுப்பதும், பிறகு திகைத்துப்போய்க் கும்பிடுவதும் வட்டத்தின் நடைமுறை.

“அடித்தவனை மன்னிக்கலாம், அன்பர்களே! கேட்டும் கேளாதவனாய் நின்ற அந்தச் சமையல்காரனை எப்படி மன்னிப்பது? கறுப்பினச் சகோதரரின் கழுத்து நெரிபட்டால், மூச்சு முட்டவேண்டியது நமக்கல்லவா?”

குரல் தழுதழுத்தது. மங்கையற்கரசி அன்ரி கண்ணைத் துடைத்தா. யேசுரட்ணம் ஆடையைப் போர்த்தினார். தலைவர் திகைத்துப்போய்க் கும்பிட்டார்.

“கேள்விகள் ஏதும்?”

கடைசி வரிசையில் சாம்பவி எழுந்தாள். அவள் வந்ததை அவர் கவனிக்கவில்லை. கையில் தொலைபேசி.

“அப்பா, வைஸ் பிரின்சிபல் லைனில நிக்கிறா. றோயை செக்யூரிட்டி கழுத்தில பிடிச்சதைக் கண்டனீங்களெல்லே, அதை இப்பவே சொல்லட்டாம். பிறகு முடிவெடுத்திடுவினமாம்.”

மண்டபம் ஒரு கணம் யோசித்தது. பிறகு யேசுரட்ணம் தொடையில் தட்டினார்.

“எட, உந்த நாடகத்தையும் புறோகிராமில சேர்த்திட்டியள்! சொல்லவேயில்லையே அண்ணை! ஸ்பீக்கரில போடு பிள்ளை, எல்லாரும் கேப்பம்.”

கைதட்டல் எழுந்தது. நாவலுக்குக் கிடைத்ததைவிடப் பெரிய கைதட்டல். அதற்கு நடுவால் சாம்பவி நடந்துவந்து, தொலைபேசியை ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் பிடித்தாள். அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கைதட்டல் மெல்ல ஓய்ந்தது. மண்டபத்தின் நான்கு மூலைகளில் இருந்தும் ஒரு பெண்குரல் கேட்டது.

“ஹலோ, மிஸ்டர் இராசரத்தினம்? ஆர் யூ தெயர்?”