பள்ளிக்கூட வரிக்குப் போட்ட ஓட்டு

வண்டியை நிறுத்திய பிறகும் வெண்டல் ஹீட்டரை அணைக்கவில்லை. குடியேற்ற அலுவலகத்தின் வாசலில் அந்தப் பனியிலும் வரிசை நின்றது. அவன் மனைவி மெர்லிண்டாவுக்குக் குடியுரிமை நேர்காணல் ஒன்பதரைக்கு. கேள்வி அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு அவன் கடைசியாக ஒருமுறை கேட்டுப் பார்த்தான்.

"செனட்டருக்கு எத்தனை வருஷப் பதவி?"

"ஆறு."

அவன் அட்டையைத் திருப்பிப் பார்த்தான். "அட, ஆமா! நான் நாலுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

"உனக்குப் பரீட்சை வச்சா உன்னைத்தான் மொதல்ல நாடு கடத்துவாங்க."

இருவரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றுவிட்டது.

வெண்டல் நெப்ராஸ்காவிலேயே பிறந்தவன். அதனால் தன் அரசாங்கத்தைப் பற்றி எதையும் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவனுக்கு நேர்ந்ததே இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் நீட்டிய காகிதங்களில் எல்லாம் மெர்லிண்டா கையெழுத்துப் போட்டாள்; வாக்காளராகப் பதிந்துகொள்ளும் படிவமும் அவற்றில் ஒன்று. அடுத்த மாதமே வாக்காளர் அட்டை தபாலில் வந்து சேர்ந்தது. "கவர்மென்ட்டே அனுப்பியிருக்கு, அப்புறம் என்ன?" என்றான் அந்த மேதாவி. அப்போது ஊரில் பள்ளிக்கூட வரியைக் கூட்டலாமா என்று ஓட்டெடுப்பு. மகள் ஜூனின் வகுப்பில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. இருவருமாக வாக்குச்சாவடி வைத்திருந்த சர்ச்சுக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு, 'ஓட்டுப் போட்டேன்' என்ற ஸ்டிக்கரைக் கோட்டில் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். கூரையும் மாறியது.

குடியுரிமை இல்லாமல் தன்னைப் போல் கிரீன் கார்டில் தங்கியிருப்பவர்கள் ஓட்டுப் போடக் கூடாது, போட்டால் நாடு கடத்தவே சட்டத்தில் இடமிருக்கிறது என்பது அவளுக்குப் போன மாதம்தான் தெரிந்தது. அதுவும் இந்த அட்டைகளைப் படிக்கப் போய். அதற்குள் விண்ணப்பம் போய்விட்டது. அதை நிரப்பியவன் வெண்டல். 'எப்போதாவது ஓட்டுப் போட்டதுண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று போட்டிருந்தான். ஜனாதிபதி தேர்தலைத்தான் கேட்கிறார்கள் என்று நினைத்தானாம்.

"ஒரே ஒரு ஓட்டு, மெர்லி. அதையும் கூரைக்குத்தானே போட்டோம்? யாரு நோண்டப் போறா?"

"கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணச் சொல்வாங்க. அப்புறம் எப்படிப் பொய் சொல்றது?"

"உண்மையைச் சொன்னா ஜூனை விட்டுட்டுப் போகணும். அவளுக்கு எட்டு வயசு. நெனச்சுக்கோ."

அதை மட்டும்தான் அவள் ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே பிட்மன் என்ற அதிகாரி அவளை அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். சாதுவான மனிதர். சத்தியம் வாங்கிக்கொண்டு கேள்விகளைத் தொடங்கினார். சட்டம் இயற்றுவது யார், உச்ச நீதிமன்றத்தில் எத்தனை நீதிபதிகள் என்று வரிசையாக ஐந்துக்கும் அவள் சரியாகச் சொன்னாள்.

"குடிமக்களுக்கு மட்டுமே உள்ள பொறுப்பு ஒண்ணு சொல்லுங்க."

அட்டையில் இரண்டு பதில்கள் இருந்தன. ஒன்றை அவள் நாக்கு தொடவே மறுத்தது. "ஜூரியில உட்கார்றது," என்றாள்.

"ஆறும் சரி. பிரமாதம்." ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் தள்ளினார். "இப்ப நான் சொல்றதை எழுதுங்க. 'குடிமக்கள் ஓட்டுப் போடலாம்.'"

அவள் எழுதினாள். கையெழுத்து அழகாக இருப்பதாகச் சொல்லி அந்தத் தாளைக் கோப்பில் சேர்த்தார். பிறகு விண்ணப்பத்தைப் புரட்டினார். பிறந்த ஊர் இலோயிலோ. வேலை முதியோர் இல்லத்தில். ஒரு மகள்.

"எப்பவாவது ஓட்டுப் போட்டிருக்கீங்களா? உள்ளூர்த் தேர்தல்லகூட?"

காகிதத்தில் இருக்கும் சொல்லையே திருப்பிச் சொன்னால் போதும். ஆனால் இவ்வளவு நேரம் விரைவாகக் கேட்டுக்கொண்டு வந்தவர் இப்போது பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

"ஆமா. ஒரு தடவை."

பிட்மன் ஆச்சரியப்படவில்லை. கோப்பின் அடியிலிருந்து ஒரு நகலை எடுத்தார். சர்ச்சில் வைத்திருந்த வாக்காளர் பதிவேட்டின் பக்கம். "இது உங்க கையெழுத்துதானே?"

அவளுக்குக் கோபமே வந்தது. "தெரிஞ்சுக்கிட்டே கேட்டீங்களா?"

"கேக்கணும்மா. அதான் முறை." அவர் குரலில் கடுமை கொஞ்சமும் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வெளியே வந்தபோது வெண்டல் அவள் கையிலிருந்த தாளைப் பிடுங்கி முதல் வரியைப் பார்த்தான். 'நீங்கள் தேர்வில் தேர்ச்சி பெற்றீர்கள்' என்பதற்கு எதிரே டிக் இருந்தது. "பாஸ்!" என்று கத்தியே விட்டான். காத்திருந்தவர்கள் கைதட்டினார்கள். யாரோ ஒரு பெண்மணி வந்து மெர்லிண்டாவைக் கட்டிக்கொண்டாள்.

"கீழயும் டிக் இருக்கு, படி," என்றாள் மெர்லிண்டா.

"'விண்ணப்பத்தின் மீது இப்போது முடிவெடுக்க இயலாது.' அப்படின்னா?"

"நாடு கடத்துற வழக்குக்குக் கோர்ட்டுலேருந்து நோட்டீஸ் வரலாமாம். எப்ப வரும்னு அவருக்கே தெரியாதாம்."

வெண்டலின் முகம் வெளுத்தது. அவள் அவன் தோளைப் பிடித்து வாசலுக்குத் திருப்பினாள்.

"வா. ஜூன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவளை உட்கார வச்சு, அவளுக்குத் தலை பின்னிவிட உனக்குக் கத்துத் தர்றேன்."