பனியன் துணி போர்த்திய பெட்டி

நல்லானும் நஞ்சம்மாளும் நன்றியை வாங்கிக்கொள்ளத் தெரியாத ஜென்மங்கள். நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் அவர்களுடைய லைன் வீட்டில் குடியிருந்த சோணைமுத்துவுக்கு இதுதான் பெரிய தலைவலி. சிடுசிடுக்கிற வீட்டுக்காரர்களை எப்படியாவது சமாளித்துவிடலாம். செய்வதையெல்லாம் செய்துவிட்டு, "அட, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று கையை உதறிக்கொண்டு போகிறவர்களை என்னதான் செய்வது?

சோணைமுத்து மானாமதுரைப் பக்கத்து ஆள். பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். மனைவி செல்லத்தாயின் இரண்டாவது பிரசவம் சிக்கலாகி, கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரியில் தாயும் பிள்ளையும் ஒரு மாதம் போராடிக் கிடந்தார்கள். மூத்தவள் ஜோதிகாவுக்கு அப்போது ஊட்டிவிட்டால்தான் சாப்பிடத் தெரியும். சொந்தபந்தம் என்று சொல்ல இந்த ஊரில் ஒரு ஆள் கிடையாது. நஞ்சம்மாள்தான் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, "நீங்க போயி அம்மிணியப் பாருங்க தம்பி. கண்ணு எங்கூட்டுல இருக்கட்டும்" என்று அவனை விரட்டிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது, எண்ணெய் வைத்துப் பின்னிய தலையும் உப்பிய கன்னமுமாக ஜோதிகா வாசலில் நின்றாள். "ஏனுங்கப்பா, இப்பத்தான் வந்தீங்களா? தம்பிப் பாப்பா எங்கீங்க?" என்று கொங்குத் தமிழில் கேட்டாள். சோணைமுத்து பையைக் கீழே போட்டுவிட்டு, தெருவென்றும் பார்க்காமல் அழுதான்.

நன்றிக்கு ஒரு சேலை எடுத்துக்கொண்டு போனான். "புள்ளைக்கு ஒரு வாய் சோறு போட்டதுக்குச் சீலையாங்க? என்னைய என்னன்னு நெனச்சீங்க?" என்று நஞ்சம்மாள் நிஜமாகவே கோபித்துக்கொண்டு, அதைச் செல்லத்தாய்க்கே கட்டிவிட்டு அனுப்பினாள். மானாமதுரை மண்பானை கொண்டுவந்து கொடுத்தான். மறுநாளே அதில் பாயசம் நிரம்பித் திரும்பி வந்தது. அதற்குமேல் அவனுக்கு வழி தெரியவில்லை. மூன்று வருடமாக நெஞ்சுக்குள்ளேயே வைத்துக்கொண்டு திரிந்தான்.

அப்போதுதான் மாகாளியம்மன் கோயில் கும்பாபிஷேகம் வந்தது. சின்னக் கோயில். நல்லான் கமிட்டியில் ஒருத்தர். ஒருநாள் சாயங்காலம் வாசலில் பேசிக்கொண்டிருந்தபோது நஞ்சம்மாள், "அக்கட்ட ஊர்க் கோயில்ல ஹெலிகாப்டர் வெச்சுப் பூப் போட்டாங்களாமா. நம்ம அம்மனுக்கு அந்தக் குடுப்பினை ஏதுங்க?" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தாளே தவிர, ஆசை கண்ணில் தெரிந்தது. சோணைமுத்துவுக்குச் சுரீர் என்று உறைத்தது.

அவனிடம் ஒரு விமானம் இருந்தது. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிற தம்பி ராஜ்கமல் போன பொங்கலுக்கு வந்தபோது கொண்டுவந்த ரிமோட் விமானம். தெர்மோகோல் மாதிரி லேசான உடம்பு, இரண்டு கை அகலத்துக்கு இறக்கை. ஞாயிற்றுக்கிழமையானால் காலிக் காட்டில் அதைப் பறக்கவிடுவதுதான் சோணைமுத்துவின் ஒரே கெட்ட பழக்கம் என்பாள் செல்லத்தாய். வேலிமரத்தில் மாட்டி, பனைமரத்தில் முட்டி, ஒருவழியாக இப்போது சொன்ன இடத்துக்குப் போய்ச் சொன்ன இடத்தில் இறங்கும்.

அதன் வயிற்றில் ஒரு அட்டை டப்பாவைக் கட்டினான். ரிமோட்டில் ஒரு குச்சியைத் தள்ளினால் டப்பா திறக்கும். ஒத்திகைக்குப் பூவா கிடைக்கும்? கட்டிங் டேபிளுக்கு அடியில் கிடக்கிற பனியன் துணுக்குகளை அள்ளி நிரப்பினான். காட்டில் மேய்ந்த வெள்ளாடுகளின் மேல் சிவப்பும் மஞ்சளுமாகத் துணிமழை பெய்தது.

நல்லானிடம் போய், "அய்யா, அம்மனுக்கு நான் பூமழை போடுறேன்" என்றான். நல்லான் கமிட்டியில் சொல்ல, கமிட்டி ஊருக்கே சொல்லிவிட்டது. நஞ்சம்மாள் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்கூட்டுத் தம்பிதானுங்க வானத்துல இருந்து பூப் போடறாரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள். இனி அது பறந்தே ஆகவேண்டும்.

அதன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதில்தான் வில்லங்கம். அந்தச் சார்ஜரைச் சுவரில் சொருக முடியாது. பன்னிரண்டு வோல்ட் கொடுத்தால்தான் உயிர் வரும். இதுவரை பக்கத்து வீட்டுக் கந்தவேலின் வேன் பேட்டரியில் ஒயரை மாட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். கும்பாபிஷேகத்துக்கு முந்தின வாரம் கந்தவேல் சவாரி பிடித்துத் திருச்செந்தூர் போய்விட்டான். வேறு பேட்டரி கேட்கலாம் என்றால், கரண்ட் கட்டுக்குப் பயந்து மைக் செட்டுக்காரரும் சீரியல் லைட்டுக்காரரும் அக்கம்பக்கத்திலிருந்த பேட்டரியை எல்லாம் வாரிக்கொண்டு போயிருந்தார்கள்.

ராஜ்கமலுக்குப் போன் போட்டான். "அண்ணே, இதுக்கா முழிக்கிற? பழைய கம்ப்யூட்டர் பவர் சப்ளை ஒண்ணத் தேத்து. இங்க விமானம் விடுற பயலுக எல்லாம் அதைத்தான் வச்சிருக்கான். பச்சை ஒயரையும் கறுப்பு ஒயரையும் ஒண்ணாச் சேத்தா ஓட ஆரம்பிச்சிரும். மஞ்சள்ல பன்னெண்டு வோல்ட் வரும். டப்பாவை மட்டும் திறந்துராத, உள்ள கரண்டு நிக்கும்."

கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற அனுசுயாவிடம் கேட்டான். அவள் மேசைக்கடியிலிருந்து தூசி படிந்த பெட்டி ஒன்றைக் காலாலேயே தள்ளிவிட்டு, "எடுத்துட்டுப் போங்கண்ணா. எடைக்குப் போட இருந்தது. அம்மன் காரியத்துக்குன்னா நல்லதுதானே" என்றாள். அவளுக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தான்.

பச்சையையும் கறுப்பையும் சேர்த்ததும் பெட்டியின் ஃபேன் சுற்றியது. ஆனால் சார்ஜரை மாட்டினால், கரண்ட் போதவில்லை என்று அது குய்யோ முறையோ என்று கத்தியது. மீட்டர் வைத்துப் பார்த்தால் பன்னிரண்டு பதினொன்றாக இறங்கிக்கொண்டே போனது. ஒரு சாயங்காலம் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு மறுபடி போன் போட்டான்.

"அடடா, சொல்ல மறந்துட்டேன்ணே. சிவப்பு ஒயருக்கும் ஏதாவது வேலை குடுக்கணும். அது சும்மா இருந்துச்சுன்னா மஞ்சள் ஒழுங்கா வேலை பாக்காது. ஒரு ஹெட்லைட் பல்ப மாட்டிவிடு."

சொந்த மொபெட்டின் ஹெட்லைட் பல்பைக் கழற்றிச் சிவப்பு ஒயரில் மாட்டினான். பல்ப் மங்கலாக எரிந்தது, மஞ்சள் ஒயர் பன்னிரண்டில் நின்றது, சார்ஜர் வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தது. அப்பாடா என்று நிமிர்ந்தான். கரண்ட் போய்விட்டது, இனி விடியத்தான் வரும். நாளை காலை கும்பாபிஷேகம்.

பரவாயில்லை. காலையில் எட்டு மணிக்குத்தான் அடுத்த கரண்ட் கட். விடிந்ததும் போட்டால் அதற்குள் நிறைந்துவிடும். குளித்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு சார்ஜ் போட்டான். சார்ஜ் ஏறும்போது இந்தப் பேட்டரியைத் தனியாக விடக்கூடாது என்பதால் செல்லத்தாயைக் காவலுக்கு உட்கார வைத்துவிட்டு, உதிரிப் பூ வாங்கவும், விமானத்தை எங்கே நின்று வீசுவது என்று பார்க்கவும் கோயிலுக்குப் போனான்.

திரும்பி வந்தபோது அறை அமைதியாக இருந்தது. ஃபேன் சத்தம் இல்லை. பல்ப் எரியவில்லை. பெட்டியைக் காணோம், அந்த இடத்தில் வெள்ளைவெளேர் என்று புதுப் பனியன் துணி நாலு மடிப்பாகப் போர்த்தி, ஓரங்கள் அழகாகச் செருகப்பட்டிருந்தன. துணியை உருவினான். காற்றுப் போக வழியில்லாமல் பெட்டி தோசைக்கல்லாகக் கொதித்து, தானாகவே நின்றுபோயிருந்தது.

இந்த ஊரில் சட்டை போடாத பொருள் கிடையாது. நிட்டிங் மெஷின் ஓடுகிற இடத்தில் பஞ்சு காற்றோடு காற்றாகப் பறக்கும். டி.வி., மிக்சி, கேஸ் சிலிண்டர் எதுவானாலும் பனியன் துணியில் ஒரு உறை போட்டுவிடுவார்கள். நல்லதொரு பொருள் வெறும் உடம்போடு கிடப்பதைப் பார்த்தால் இங்கே பெண்களுக்கு மனசு கேட்காது.

செல்லத்தாய் கையைப் பிசைந்தாள். "சின்னவனுக்குப் பால் காய்ச்ச எந்திரிச்சேங்க. வீட்டுக்காரம்மாதான் வந்து நான் பாத்துக்கறேன்னு உக்காந்தாக. பக்கத்து மிசின் செட்டுல இருந்து பறக்குற பஞ்சை இந்தப் பெட்டி இழுக்குதாம். அம்மன் காரியத்துக்கு ஓடுற மிசினுக்குள்ள தூசி போகலாமான்னு போர்த்திவிட்டாக. பெட்டி நின்னதும், வேலை முடிஞ்சிருச்சு போலன்னு சொல்லிட்டுச் சந்தோசமாக் கோயிலுக்குப் போனாகங்க."

கோபம் வர வேண்டிய இடம். ஆனால் அந்தத் துணியைப் பார்க்கப் பார்க்க அவனுக்குக் கோபம் வரவில்லை. ஓரம் செருகியிருந்தது பிள்ளையைப் போர்த்துகிற பக்குவம். அந்த ஒரு மாதமும் ஜோதிகாவை இப்படித்தான் போர்த்தித் தூங்க வைத்திருப்பாள்.

"இதை அவுககிட்ட மூச்சு விடக்கூடாது, சொல்லிப்புட்டேன்" என்று மட்டும் செல்லத்தாயிடம் சொன்னான்.

விசிறியால் வீசிப் பெட்டியை ஆறவைத்தான். பச்சையையும் கறுப்பையும் பிரித்து மறுபடி சேர்த்தான். புண்ணியவதி அனுசுயா கொடுத்த பெட்டி, சாகவில்லை. ஃபேன் சுற்றியது. சார்ஜரும் விட்ட இடத்திலிருந்து ஏற்ற ஆரம்பித்தது. கையெடுத்துக் கும்பிடுவதற்குள் எட்டு மணி ஆகி, ஊர் மொத்தத்துக்கும் கரண்ட் போனது. பேட்டரி பாதி வயிறுதான் நிறைந்திருந்தது.

கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கலசத்துக்கு மேலே வந்து பூவைக் கொட்டுவதாகத் திட்டம். அதற்கு இது காணாது. சுற்றாமல் நேராகப் போய்க் கொட்டிவிட்டு வந்தால் தாக்குப்பிடிக்கலாம். மாகாளியம்மா, நீ பார்த்துக்கொள் என்று டப்பாவில் பூவை நிரப்பி, விமானத்தையும் மிச்சப் பூக்கூடையையும் தூக்கிக்கொண்டு ஓடினான்.

சாரத்தின் உச்சியில் குருக்கள் குடத்தோடு நின்றார். கூட்டம் கழுத்தை வளைத்துக்கொண்டு கருடன் வருகிறதா என்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. கொட்டுமேளம் உச்சத்துக்குப் போனது. கலசத்தில் தண்ணீர் விழுந்த நொடியில், கோயிலுக்குப் பின்னாலிருந்த காட்டில் நின்று சோணைமுத்து விமானத்தை வீசினான்.

பூப்பாரத்தோடு அது நன்றாகவே ஏறியது. "கருடன், கருடன்!" என்று ஒருவர் கத்த, "அது நம்ம சோணைமுத்துங்க!" என்று நல்லானின் குரல் மைக்கிலேயே கேட்டது. கோபுரம் பக்கத்தில் வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம். அப்போது மோட்டார் சத்தம் அறுந்தது. பேட்டரி காலி; மிச்சமிருந்த துளி சார்ஜ் திருப்புவதற்கும் டப்பாவைத் திறப்பதற்கும் மட்டும்தான் காணும்.

விமானம் தாழத் தொடங்கியது. அப்படியே விட்டால் சாரத்தில் மோதும். மேலே குருக்கள், கீழே கூட்டம். சோணைமுத்து கலசத்தை மறந்தான். ஆளில்லாத பக்கமாகச் சமையல் பந்தலை நோக்கித் திருப்பி, பாரம் குறையட்டும் என்று குச்சியைத் தள்ளினான். டப்பா திறந்தது. ரோஜா இதழும் அரளியும் சம்பங்கியும் மொத்தமாகக் கொட்டின. லேசான விமானம் பந்தலைத் தாண்டி, சோளத்தட்டுக் குவியலின் மேல் பூனைபோல இறங்கி நின்றது.

அம்மனுக்கு ஒரு இதழ்கூடப் போய்ச் சேரவில்லை. யார் முகத்தில் விழிப்பது என்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பந்தலைச் சுற்றி வந்தவன் அப்படியே நின்றான்.

ஆளில்லை என்று நினைத்த இடத்தில் ஒருத்தி இருந்தாள். பொங்கலுக்கு அடிப்பிடிக்கக்கூடாது என்று, கும்பாபிஷேகத்தைப் பார்க்கக்கூடப் போகாமல் பந்தலுக்கு வெளியே திறந்த இடத்தில் வைத்த அண்டாவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்த நஞ்சம்மாள். புகையில் கண் சிவந்து, கையில் கரண்டியோடு. தலையில், தோளில், சேலை மடிப்பில் எல்லாம் பூ. அவள் கரண்டியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மனுக்குப் போற பூவ நடுவுல நீ வாங்கிட்டியா?" என்று நல்லான் சிரித்துக்கொண்டே வந்தார். மிச்சமிருந்த உதிரிப் பூவைக் கூடையோடு சோணைமுத்துவிடமிருந்து வாங்கி, "இத நம்ம கையாலயே அம்மன் மேல போட்டுக்கலாம் வாங்க" என்றார்.

நஞ்சம்மாள் அழுதாள். "எனக்கெல்லாம் எதுக்குங்க சாமி இது" என்று சொல்லிக்கொண்டே முந்தானையில் இதழ்களைப் பொறுக்கினாள். ஒன்றைக்கூட உதறவில்லை. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க அவளுக்கு இந்தத் தடவை வழியில்லை. மூன்று வருடமாக நெஞ்சில் அடைத்துக் கிடந்தது சோணைமுத்துவுக்கு இளகியது.

அவனைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள். "தம்பி, காத்தால உங்க பெட்டிக்குத் துணி போர்த்திட்டு வந்தனுங்க. தூசி போவாம இருந்துதுங்களா?"

சின்னவனைத் தூக்கிக்கொண்டு அங்கே வந்து நின்ற செல்லத்தாய் சட்டென்று முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அதனாலதாம்மா" என்றான் சோணைமுத்து. "நீங்க போர்த்திவிட்டதாலதான் இவ்வளவு பூவும் உங்க மேல விழுந்துச்சு."

"பாத்தீங்களா!" என்று நஞ்சம்மாள் மகிழ்ந்துபோனாள். "அடுத்த வாரம் எலாஸ்டிக் வெச்சுக் கச்சிதமா ஒரு உறை தெச்சுத் தர்றனுங்க."

சொன்னபடி தைத்தும் கொடுத்தாள், ஊதா நிறத்தில், ஓரமெல்லாம் நூல் பிரியாதபடி ஓவர்லாக் அடித்து. பெட்டி ஓடும்போது வெறும் உடம்போடு ஓடும். நின்று ஆறியதும் சோணைமுத்து அதற்குச் சட்டையைப் போட்டு, ஓரங்களை நன்றாக இழுத்துவிடுவான்.