நுவாலின் நானூற்றுப் பதின்மூன்றாவது சொல்

மனிதகுலம் இதுவரை பேசிய மொழிகளில் ஒரு சொல்லைக்கூடக் கடன் வாங்காதது ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் நுவால். அதை பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க்கடைத் தெருவான லா சப்பலில் நான் உருவாக்கினேன். பேசுவோர் தொகை இரண்டு: நானும், என்னோடு படிக்கும் தமிழ்ப் பெண் ஆனைஸும்.

நுவாலில் நானூற்றுப் பன்னிரண்டு சொற்கள். ஒவ்வொன்றுக்கும் வரலாறு உண்டு. 'ஈலு' என்றால் கதவு. காற்றைத் தடுப்பது என்று பொருள்படும் 'ஈலாம்' ஆயிரத்து இருநூறு ஆண்டுகளில் தேய்ந்து அப்படி ஆனது. அந்த ஆயிரத்து இருநூறு ஆண்டுகளையும் போன மார்கழி லீவில் எழுதி முடித்தேன்.

கடன் வாங்கும் மொழி என்ன கதியாகும் என்று பார்க்க மகாலிங்கம் அண்ணையின் தேநீர்க்கடைக்குப் போகலாம்.

"விடியவே விசா ஒஃபிசிலை ரொந்தேவு, தம்பி. குடுத்த பப்பியே ஒண்டும் சரியில்லையாம். நான் சரியான ஃபத்திகே."

"களைப்பு எண்டு தமிழிலை ஒரு சொல் இருக்கு, அண்ணை."

"ஓம். அது ஒரு நித்திரையோடை போயிடும். இது இஞ்சத்தைச் சாமான். போகாது."

இதை அப்படியே வகுப்பில் நடித்துக் காட்டினேன். நன்றாகச் சிரித்தார்கள்.

இன்று ஆறரைக்கு ஆனைஸ் அதே கடைக்கு வந்தாள். வகுப்பு முடிந்தபின் தொலைபேசியில் பிறருடைய முறைப்பாடுகளைக் கேட்பது அவள் வேலை. கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து தமிழில் பேசினாள். நமக்குள் நுவால் மட்டுமே என்ற எங்கள் விதிப்படி அது குற்றம்.

"நிலா வெளிச்சத்துக்கு ஒம்பது வார்த்த வச்சிருக்க. வேலை முடிஞ்சு வர்றவ சொல்றதுக்கு ஒண்ணு இருக்கா?"

"செய்யலாம். வேர் தேடோணும், ஒலிமாற்றம் பாக்கோணும். மூண்டு கிழமை தா."

"எனக்கு ஏழு மணிக்கு ட்ரெயின்."

தன் அகராதிப் பிரதியை மேசையில் வைத்தாள். "நீயே வச்சுக்க. நீயே பேசிக்க." வீட்டுக்குப் போகும் ஆர்ஜொந்தெய் ரயிலைப் பிடிக்கப் போய்விட்டாள்.

பேசுவோர் தொகை ஒன்று. தனியாகப் பேசுகிறவனை ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்தில் தினமும் பார்க்கிறேன். அவனுக்குப் பக்கத்து இருக்கை எப்போதும் காலி.

இருட்டில் எழும்பி, இரண்டு ரயில் மாறி, இவ்வளவு நேரமும் நானும் ஓடித்தான் வந்திருந்தேன். அந்தக் களைப்புக்கு நுவாலில் என்ன என்று யோசித்தேன். ஒன்றும் வரவில்லை.

மகாலிங்கம் அண்ணை கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் பார்க்காத நேரமாகப் பார்த்து ஆனைஸின் பிரதியைத் திறந்தேன். 413. ஃபத்திகே. வரலாறு என்ற இடத்தில், 'மகாலிங்கம் அண்ணையிடம் கடன்' என்று எழுதினேன். பக்கத்தைப் படம் எடுத்து ஆனைஸுக்கு அனுப்பினேன்.

"தேத்தண்ணி போடவோ, தம்பி?"

"ஓம் அண்ணை," என்றேன். "நானும் ஃபத்திகே."