பிள்ளையார் சுழிக்கு முன் ஒரு சாய்கோடு

விபின் வெட்டுக்கத்தியின் பிடியால் இசக்கிசெல்வியின் வாயில் குத்தினான். உடைந்த பல் கீபோர்டில் விழுந்தது.

"கரையாதடீ, அழுதது போதும். அந்த வீடியோவை அழி. நான் போயிருவேன்."

முந்தின நாள் பழவங்காடியில், அவள் வேலை பார்க்கும் இந்த ஸ்டுடியோ வாசலில், அவளுடைய அண்ணன் தாணுலிங்கத்தை வெட்டிக் கொன்றவன் அவன். பார்த்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. கல்யாண ஊர்வலம் எடுத்த ஸ்டுடியோ கேமராவில் மட்டும் அவன் முகம் தெளிவாக விழுந்திருந்தது. கேசட்டை இப்போதுதான் மிதித்து நொறுக்கினான். மிச்சம், இன்று காலை செல்வி கம்ப்யூட்டரில் ஏற்றிய பிரதி. அந்தப் பெட்டி மாடியில் இரும்புக் கதவுக்குப் பின்னால் இருந்தது. சாவி முதலாளி சுந்தரராமனோடு ஸ்ரீவராகத்துக்குப் போயிருந்தது. கீழேயிருந்து கட்டளை தட்டினால்தான் அழியும்.

சுந்தரராமன் எந்தக் கோப்புக்கும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் பெயர் வைப்பார். ஆங்கிலக் கீபோர்டில் சுழி ஏது? வளைந்து நெளிந்த & குறியை அதற்கு வைத்துக்கொண்டார். லினக்ஸுக்கோ அந்தக் குறி ஓர் உத்தரவு: இதுவரை உள்ளது ஒரு கட்டளை, அதைப் பின்னணியில் ஓட்டு, அடுத்து வருவது வேறு கட்டளை. 'இது உத்தரவு அல்ல, பெயரில் ஓர் எழுத்து' என்று புரியவைக்க முன்னால் \ என்ற சாய்கோடு போட வேண்டும். ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அது கைப்பழக்கம்.

செல்வி தட்டினாள்.

rm -f &thanu.mpg

சாய்கோட்டை விட்டுவிட்டாள்.

"நில்லு." விபின் கழக்கூட்டம் என்ற ஊரில் கொஞ்ச நாள் கம்ப்யூட்டர் படித்தவன். "ஆர்எம் போட்டா அழியும். எனிக்கும் அறியாம், கேட்டோ." தனக்கும் தெரியும் என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு, பட்டியலில் இருந்த பெயரையும் அவள் தட்டிய பெயரையும் விரல் வைத்து ஒப்பிட்டான். ஓர் எழுத்தும் மாறவில்லை. அவனே என்டரை அழுத்தினான்.

கட்டளை & இருந்த இடத்தில் இரண்டாக அறுந்தது. முதல் துண்டு 'அழி' என்றது. எதை என்று சொல்லவில்லை. -f இருந்ததால் அது புகார் எதுவும் சொல்லாமல் முடிந்தது. இரண்டாவது துண்டைத் தனிக் கட்டளையாக எண்ணித் தேடிய இயந்திரம், அப்படி ஒன்று இல்லை என்றது.

thanu.mpg: command not found

"நாட் ஃபவுண்ட்!" விபின் சிரித்தான். "உங்க அண்ணன் இன்னொரு தடவையும் செத்தான்டீ. வாய் திறந்தா அவன் பக்கத்துல நீ."

அவளுடைய வலது கையை மேசையில் விரித்துப் பிடித்து, கத்தியின் முதுகால் ஓங்கி அடித்தான். மூன்று விரல்கள் முறிந்தன. அவள் அலறியபடி கிடக்க, ஷட்டரை இறக்கிவிட்டுப் போனான்.

பைக் சத்தம் ஓய்ந்ததும் செல்வி எழுந்தாள். கீபோர்டிலிருந்த ரத்தத்தைத் துடைத்தாள். இடது கையின் ஒற்றை விரலால் தட்டினாள்.

mplayer \&thanu.mpg

திரையில் வீடியோ ஓடியது; மேளக்காரர்களுக்குப் பின்னால் தாணுலிங்கம் நடந்து வந்தான். அவனுக்குப் பின்னால் விபின், கையில் அதே கத்தி.

படத்தை அங்கேயே நிறுத்திவிட்டுப் போனை எடுத்தாள்.

"ஸ்டேஷனா? எங்க அண்ணன வெட்டுனவன் மொகம் எங்கிட்ட இருக்கு சார். வாங்க, பாருங்க."