அந்த நாற்காலியில் ஆள் இருக்கிறது

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பேருந்தில் பிறந்தது. காலி இருக்கையில் பையை வைத்துக்கொண்டு ஒருவர், “ஆள் வராங்க” என்றார். கடைசி நிறுத்தம்வரை யாரும் வரவில்லை. கால் கடுக்க நின்று வந்த கடுப்பில் எழுதுகிறேன்.

2.
“இருள் கவிந்த அந்நகரில், கொடுங்கோலர்களின் படை...”

(வேண்டாம். வந்தது ஒரே ஒரு அதிகாரி. அவருக்கும் முதுகுவலி.)

தையல்காரி தன் கடையின் பின்னறையில் பத்துப் பதினைந்து பேரோடு ஜெபம் செய்வாள். அறையில் ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி எப்போதும் காலியாக இருக்கும். அது கடவுளுக்கு.* ஜெப அறைகளை மூடச் சொல்லிப் புது உத்தரவு வந்திருந்தது. பூட்டோடு வந்த அதிகாரி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நேராக அந்த நாற்காலிக்குப் போனார்.

“ஐயோ சார், அதுல ஆள் இருக்கு!” என்று எல்லோரும் கத்திவிட்டார்கள்.

(*அதன்மேல் போட்ட மெத்தைக்கு உறை அவள் தைத்தது. மாதம் ஒருமுறை துவைப்பாள்.)

3.
அதிகாரிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“ஆளா? எங்க? சரி, இந்தக் கடைக்காரம்மா இதுல உட்காரட்டும். உட்கார்ந்தா நான் பூட்டாம போயிடறேன். இல்லேன்னா கடையையும் சேர்த்துப் பூட்டிடுவேன்.”

கடைதான் அவர்களுக்குச் சோறு. கணவன் அவள் காதருகே குனிந்தான்.

“ஒரு நிமிஷம் உட்கார்ந்து எந்திரியேன். ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்.”

“அவர் கோவிச்சுக்க மாட்டாருங்க. ஆனா ராஜாவை எந்திரிக்கச் சொல்ல நான் யாரு?”

“கடை போயிடும்டி.”

“பயமாத்தான் இருக்கு. கடையும் அவரோடதுதானே, அவரே பாத்துக்கட்டும்.”

4.
இவளை நான் முழுதாக நம்பவில்லை. இவ்வளவு உறுதியானவர்கள் கதையில்தான் வருவார்கள். (இது கதைதான். மறந்துவிட்டேன்.) ஆனால் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவை அவள் விரலில் சுற்றுவதை நான் எழுதவில்லை. அவளாகவே சுற்றுகிறாள்.

முடிவு அ: அதிகாரி உட்கார, நாற்காலிக் கால் முறிகிறது. எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். அவருக்கு ஏற்கெனவே முதுகுவலி, பாவம்.

முடிவு ஆ: அவள் மெல்ல உட்கார்ந்தா...

முடியவில்லை. நாலு தடவை முயன்றேன், நாலு தடவையும் அவள் நின்றுகொண்டே இருக்கிறாள்.

எனக்கு உள்ளூரப் பொறாமை. நினைத்தால் ஒரே வரியில் அவள் கடையைக் காப்பாற்றிவிட என்னால் முடியும். படைத்தவன் நான். அவளோ கண்ணை மூடி, என் பக்கம் திரும்பாமல், வேறு யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறாள்.

5.
பிறகு நான் யோசிக்காத ஒன்றைச் செய்தாள். தையல் இயந்திரத்தின் முன்னால் இருந்த தன் முக்காலியைத் தூக்கி வந்து அதிகாரியின் பின்னால் வைத்தாள்.

“வலியோட எவ்வளவு நேரம் சார் நிப்பீங்க? இதுல உட்காருங்க. பூட்டணும்னா அப்புறம் பூட்டிக்கோங்க.”

அவர் உட்கார்ந்தார். நாற்காலியைப் பார்த்தார். வந்ததிலிருந்து முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தி, “இங்கதான் இருக்காரா?” என்று கேட்டார்.

“ஆமா சார்.”

6.
பூட்டு அவர் மடியில் இருக்கிறது. அதை உங்களிடம் கொடுத்துவிடுகிறேன். பூட்டுவதோ விடுவதோ உங்கள் பாடு. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, உங்களிடமும் கேட்க மாட்டாள்.

இதை முடிக்கலாம் என்று மேசைக்குத் திரும்பினேன். என் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. எதற்கு வம்பு என்று இந்தக் கடைசி வரியை நின்றுகொண்டே எழுதுகிறேன்.