மூன்றாம் பாடத்துத் தப்பு

பெட்டியின்மேல் மலர்வளையத்தை வைக்கத் துறைத்தலைவர் குனிந்தார். கண் மட்டும் அலமாரியில் இருந்த லேப்டாப்புக்குப் போய்விட்டு வந்தது. வளையம் லாரிச் சக்கரம் அகலம். அதன் குறுக்கே பல்கலைக்கழகத்தின் பெயர், அடுத்த தெருவிலிருந்தே படிக்கிற மாதிரி. இறந்த வாத்தியாரின் பெயர் அதற்கு அடியில், எறும்பு வரிசையாக.

வாத்தியாரின் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர். அவள் குரலுக்குக் கம்பியே வேண்டாம் என்று ஊர் முழுக்கப் பேச்சு.

பல்கலைக்கழக ஸ்டுடியோ என்றைக்கும் பூட்டியே கிடந்ததால், வாத்தியார் வீடியோப் பாடங்களைச் சமையலறையில்தான் எடுத்தார். இரண்டு டம்ளர்மேல் கரண்டியைப் படுக்கவைத்து, நடுவில் எடையைத் தொங்கவிட்டு, பாலம் எப்படி வளைகிறது என்று காட்டுவார். வீட்டில் நேரான கரண்டி ஒன்றுகூட மிஞ்சவில்லை. அவள் பரிமாறினால் பக்கத்துத் தட்டில்தான் விழும்.

ஓய்வுபெற்ற அன்று, கேக் வெட்டிய கத்தியைக் கழுவுவதற்குள் அவருடைய பாஸ்வேர்டைப் பிடுங்கிவிட்டார்கள். பாடமெல்லாம் பல்கலைக்கழகத்தின் சொத்தாம். அதுகூடப் போகட்டும். மூன்றாம் பாடத்தில் ஒரு கணக்கைத் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்கு அதன்பிறகுதான் தெரிந்தது. அதை நம்பிக் கட்டினால் பூனை நடந்தாலே பாலம் விழும். திருத்த விடுங்கள் என்று கெஞ்சாத நாளில்லை. சரியான பாடத்தைப் புதிதாக எடுத்து அனுப்பியும் பார்த்தார். ஓய்வுபெற்றவரிடம் பாடம் வாங்க விதி இல்லையாம். தப்புக்கு அடியில் மட்டும் அவர் பெயர் பளிச்சென்று இருந்தது.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும், “அந்த மூணாம் பாடம்...” என்றார். அதுதான் அவருடைய கடைசி வார்த்தை.

“மேடம், இந்த நேரத்துல கேக்கக் கூடாது...” என்று துறைத்தலைவர் ஆரம்பித்தார்.

“அப்ப கேக்காதீங்க.”

“கடைசி ரெண்டு பாடம் சாரோட லேப்டாப்ல இருக்கு. வேலைல இருந்தப்ப எடுத்தது. சட்டப்படி எங்களுது.”

“மூணாம் பாடத்த மாத்துனீங்களா?”

“அதுக்குக் கமிட்டி கூடணும்...”

“மனுசன் பாஸ்வேர்டப் பிடுங்க எந்தக் கமிட்டி கூடிச்சு? பாடம் உங்க பையில, தப்பு அவரு தலையிலயா? உயிரோட இருந்தப்ப வாசல்லயே நிக்க வெச்சீங்க. இப்ப செத்த பொறவு அடுத்த வருசமும் வந்து பாடம் நடத்தணுமா?”

“எல்லாத்துக்கும் சார் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு, மேடம்.”

“அவரு போட்டாரு. நான் போட்டேனா?”

“நீங்க எதுக்கு...”

“ஒவ்வொரு பாடத்துலயும் என் குரல் இருக்கு தம்பி.”

துறைத்தலைவர் சிரித்துவிட்டார். சாவு வீடு என்பது பாதிச் சிரிப்பில்தான் ஞாபகம் வந்தது.

அவள் நாத்தனார் மகளைக் கூப்பிட்டாள். அதே பல்கலைக்கழகத்தில் கட்டணம் கட்டிப் படிக்கிறவள். வாத்தியாரின் பாடத்தைப் பார்க்க அந்தக் குடும்பத்திலேயே அனுமதி உள்ள ஒரே ஆள்.

“மூணாம் பாடத்தப் போடுடி.”

“இப்பவா அத்தை?”

“கடைசிப் பகுதியப் போடு. சத்தமா.”

பெட்டிக்கு அருகே வாத்தியாரின் குரல் எழுந்தது. “...புரியலன்னா வெக்கப்படாம மறுபடி பாருங்க.” அதன்மேல் இன்னொரு குரல், பாத்திரங்கள் அதிர வந்தது:

“போதும், எந்திரிச்சு வாங்க! சாப்பாடு ஆறுது.”

“இதோ வந்துட்டேன்.”

துறைத்தலைவர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். “ஆமா, இன்னிக்கே... சார் அனுப்புன புதுச ஏத்துங்க... கமிட்டி கெடக்கட்டும்யா” என்பது உள்ளே கேட்டது.

நாத்தனார் மகள் வீடியோவை நிறுத்தக் கையைக் கொண்டுபோனாள்.

“இருக்கட்டும்,” என்றாள் அத்தை.

திரையில் காலி நாற்காலி தெரிந்தது. முன்னால் இரண்டு டம்ளர்கள், மேலே வளைந்த கரண்டி. சாப்பிடப் போன அவசரத்தில் அவர் கேமராவை நிறுத்த மறந்திருந்தார்.